மெயின் ஸ்விட்சும் எங்க சர்வரும்

இந்த சீட்டுல உக்காருங்க அண்ணாச்சி. பின்னால டயருக்கு மேல போயி உக்காந்தா குறுக்கு முறிஞ்சிரும். நான் தெனம் வாற பஸ்ஸு, எனக்குத் தெரியும். பத்து மணிக்கு டேசன்ல ஒரு கையெழுத்துப் போடணும். பயந்துராதிய, நான் போலீஸும் இல்ல, கள்ளனும் இல்ல. கண்டிசன் பெயிலு. சொந்த ஊரு டேசன்ல போட்டா ஆகாதாம், பகல்ல அங்கன இருந்தா நான் சாட்சிகள மெரட்டிருவேனாம். ஜட்ஜ் அம்மா சொல்லிட்டாவ. என் மூஞ்சியப் பாருங்க. மெரட்டுத மூஞ்சியா இது?

நான் வாத்தியாரு. கம்ப்யூட்டர் வாத்தியாரு, பேரு அய்யம்பெருமாள். பதினோரு வருசமா ஒரே பள்ளிக்கூடம். முந்நூறு பிள்ளைய படிக்குத சின்னப் பள்ளிக்கூடந்தான். இன்னைக்கு ஊருக்குள்ள என்ன பேசுதாவ தெரியுமா? அய்யம்பெருமாளால பத்தாங்கிளாஸ் பிள்ளைய அம்பத்தெட்டு பேருக்கும் செய்முறைத் தேர்வு மார்க்கு போச்சு, அத்தன பேரும் பெயிலாகப் போவுதுங்காவ. பச்சப் பொய்யி. ஒரு மார்க்கும் போவல. ஒரே ஒரு ஆளு ஒரே ஒரு வார்த்த சொன்னா இன்னைக்கே எல்லாம் சரியாயிரும். அந்த வார்த்ததான் வரமாட்டேங்கு.

எனக்குக் கோவமே வராது அண்ணாச்சி. என் வீட்டுக்காரிகிட்ட கேட்டா சொல்லுவா. போன ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போனவ, அங்கன நல்லாக் காத்து வருதுன்னு இருந்துட்டா. அதனால கேக்க முடியாது.

விசயம் என்னன்னா, எங்க பள்ளிக்கூடத்துல படிச்ச ஒருத்தர் சிங்கப்பூர்ல இருக்காரு. அவரு ஒரு சர்வர் வாங்கித் தாரேன், என்ன மாதிரி வேணும்னு எழுதி அனுப்புங்கன்னுட்டாரு. சர்வர்னா பெரிய கம்ப்யூட்டர்னு வச்சுக்கிடுங்க. மத்த கம்ப்யூட்டர் எல்லாத்துக்கும் அதுதான் தலைமை. வருகைப் பதிவு அதுல. மார்க்கு அதுல. பாட வீடியோ அதுல இருந்துதான் கிளாசுக்குப் போவும். பிள்ளைய இண்டர்நெட்டுல கண்டதப் பாக்காம தடுக்கதும் அதுதான். அவ்வளவு ஏன், பள்ளிக்கூட பெல்லையும் அதுலயே கோத்து விட்டுட்டேன், நேரம் வந்தா தானே அடிக்கும். இதெல்லாம் பாத்துப் பாத்து நான் எழுதுன பட்டியலு. மூணு வாரம் தூக்கம் இல்ல. கறுப்பு டவரு, மேசை ஒசரம். ரெண்டு பவர் சப்ளை, ஒண்ணு செத்தா இன்னொண்ணு தாங்கும். ரெண்டு டிஸ்க், ஒண்ணுல எழுதுதது அப்படியே இன்னொண்ணுலயும் எழுதும். மெமரி இருக்கு பாத்தியளா, தன்னோட தப்பத் தானே கண்டுபிடிச்சுத் தானே திருத்திக்கிடும். மனுசன்ல அப்படி ஒருத்தன நான் பாத்ததில்ல.

அதுல வந்து மூக்க நுழைச்சான் தனிஸ்லாஸு. கணக்கு வாத்தியாரு. நல்ல மனுசன்னு எல்லாரும் சொல்லுவாவ. நல்ல மனுசன் அடுத்தவன் வேலையில ஏன் வாறான்? தாளாளர் அய்யா ரூம்புல மீட்டிங்கு. நான் பட்டியல வாசிச்சு முடிச்சேன். இவன் மெதுவா எந்திச்சு, தன் மக காலேஜுல வச்சிருந்த பழைய லேப்டாப்ப மேசையில வச்சான். ஓடிக்கிட்டு இருந்துச்சு. கரண்டு வயரப் புடுங்கினான். அப்பவும் ஓடிக்கிட்டே இருந்துச்சு.

"பெருமாள் சார், நம்ம பள்ளிக்கூடத்துல சாயங்காலம் ஆனா மெயின் ஸ்விட்ச ஆஃப் பண்ணிருதோம். காலையிலதான் போடுதோம். உங்க பெரிய சர்வர் அத எப்படித் தாங்கும்? இது மாதிரி பழைய லேப்டாப்பு ரெண்டு போதும் சார். பேட்டரி உள்ளயே இருக்கு. கரண்டு போனாலும் நிதானமா தானே மூடிக்கிடும். தெனம் சாயங்காலம் ஒண்ணுல இருக்கத இன்னொண்ணுல காப்பி பண்ணி வச்சிருவோம்."

தமிழ் டீச்சர் தலைய ஆட்டுதாவ. தாளாளர் அய்யாவும் தலைய ஆட்டுதாவ. மூணு வாரம் உக்காந்து எழுதுனவன் நான் அங்கன இருக்கேன். ஒரு கெழட்டு லேப்டாப்புக்குத் தலைய ஆட்டுதாவ! எனக்கு வயிறு எரிஞ்சுது. ஆனா கோவப்படல. சோதிச்சுப் பாக்கணும்லா? நாளைக்கு கீழ விழுந்தா என்ன ஆகும்னு தெரியணும்லா? எடுத்தேன், மேசை விளிம்புல ஒரு போடு போட்டேன். மூடி தனியாப் போச்சு. கீபோர்டு கட்டையெல்லாம் மழை மாரி தெறிச்சுது. இன்னொரு போடு. கண்ணாடிச் சில்லு ஒண்ணு பறந்து போயி தனிஸ்லாஸு கன்னத்துல குத்திட்டு. ரத்தம் சொட்டுச் சொட்டா சட்டைக் காலருல விழுது. அவன் கர்ச்சீப்ப வச்சுப் பொத்திக்கிட்டு உக்காந்துட்டான். "பாத்தியளா அய்யா, இது தாங்குமா?"ன்னு கேட்டேன். தாங்காதுன்னுட்டாவ. எல்லாரும் என் பட்டியல்ல கையெழுத்துப் போட்டாவ. ஏகமனதாத் தீர்மானம்னு மினிட்ஸ் நோட்டுல இருக்கு, வந்து பாத்துக்கிடலாம்.

இப்ப இந்த மெயின் ஸ்விட்ச் விசயத்தச் சொல்லணும். எங்க பள்ளிக்கூடத்துல கடைசியாப் போறவன் மெயின ஆஃப் பண்ணிட்டுத்தான் கேட்டப் பூட்டணும். பழைய கட்டடம், பழைய வயரிங். நாலு வருசத்துக்கு முந்தி ஆபீஸ் ரூம்புல வயரு பத்தி ஒரு பீரோ எரிஞ்சு போச்சு. அன்னைல இருந்து தாளாளர் அய்யாவுக்குக் கரண்டுன்னாலே நடுக்கம். அப்ப இருந்த வாச்மேன் மெயின ஆஃப் பண்ணாமப் போயிருந்தான். அவன மரத்தோட சேத்துக் கட்டி வச்சு, கட்டத் தொடப்பம் பிஞ்சு போற வரைக்கும் அடிச்சது நான்தான். பின்ன, பிள்ளைய உசிரு என்ன வெளையாட்டா? ஸ்விட்ச் போர்டுக்கு மேல சிவப்புப் பெயிண்டுல 'மெயினை அணைக்காமல் செல்லாதே'ன்னு எழுதுனதும் நான்தான். என் கையெழுத்து முத்து முத்தா இருக்கும்.

சர்வர் வந்துச்சு. சந்தனம் குங்குமம் வச்சோம், தாளாளர் அய்யா பட்டனை அமுக்குனாவ. விமானம் கெளம்புத மாரி ஒரு சத்தம். எனக்குக் கண்ணு கலங்கிட்டு. அன்னைக்கே சொல்லிட்டேன், இனிமே நோட்டுங்கிற பேச்சே கெடையாது, எல்லாம் சர்வருலதான். பழைய பதிவேடு, மார்க்கு நோட்டு அத்தனையையும் மூட்டை கட்டி எடைக்குப் போடச் சொல்லிட்டேன். தனிஸ்லாஸு மட்டும் "ஒரு நோட்டாவது இருக்கட்டுமே சார்"ன்னான். அவன் கையில இருந்த நோட்டப் புடுங்கி அவன் கண்ணு முன்னாலயே நாலாக் கிழிச்சேன். அப்பவும் பேசல. பேசாம இருக்கவன் மனசுல என்னமோ இருக்குன்னு அர்த்தம்.

சாயங்காலம் வாச்மேன் வந்து மெயின ஆஃப் பண்ணுவான். சப்பாணிமுத்துன்னு பேரு, புதுசா வந்தவன், அறுவது வயசு இருக்கும். யூபிஎஸ்ஸுன்னு பேட்டரிப் பெட்டி ஒண்ணு இருக்குல்லா, அது முக்கா மணி நேரம் கத்திக்கிட்டே தாங்கும். காலிப் பள்ளிக்கூடத்துல கீச்சு கீச்சுன்னு கத்துனா அந்தக் கெழவனுக்குப் பயம். அதையும் ஆஃப் பண்ணிருவான். சர்வர் ஓடிக்கிட்டு இருக்கும்போதே கழுத்த நெரிச்ச மாரி நின்னு போவும். நீங்க போறப்ப ஒழுங்கா மூடிட்டுப் போனா என்னன்னு தனிஸ்லாஸு கேட்டான். நான் ஏன் மூடணும்? சர்வருங்கிறது ராத்திரி பகலா ஓடுதது. தெனம் சாயங்காலம் மூடுததுன்னா அதுக்குப் பேரு சர்வரா? டீவிப் பெட்டி. நான் மூடல. ஒரு நாளு கூட மூடல. தப்பு அவங்க பக்கம், நான் ஏன் எறங்கிப் போவணும்?

மறுநாள் காலையில மெயினப் போட்டா, அது ரெண்டு டிஸ்க்கையும் சரிபாக்க ஆரம்பிக்கும். முக்கா மணி நேரம் ஆவும். சில நாளு ஒண்ணேகா மணி நேரம். அது வரைக்கும் பெல்லு அடிக்காது. பிள்ளைய வெயில்ல வரிசையில நிக்கும், பிரேயர் ஆரம்பிக்க முடியாது. என்ன செய்ய, நல்ல சாமான்னா நேரம் எடுக்கத்தான் செய்யும். இந்த தனிஸ்லாஸு என்ன செஞ்சான்? வேப்பமரத்துல பழைய தண்டவாளத் துண்டு ஒண்ணு தொங்குது, அந்தக் காலத்து மணி. சுத்தியல எடுத்துட்டுப் போயி டங்கு டங்குன்னு அடிச்சான். பிள்ளைய கைதட்டுது! தெனமும் காலையில டங்கு டங்கு. ஒவ்வொரு அடியும் என் மண்டையில விழுத மாரி இருக்கும். அவன் பள்ளிக்கூடத்துக்கு மணி அடிக்கல அண்ணாச்சி, என்னைய அடிச்சான்.

நான் பொறுத்துக்கிட்டேன். வாச்மேனக் கூப்பிட்டு, "ஏல, மெயினத் தொடாத"ன்னேன். "அய்யா தொடச் சொல்லியிருக்காவ சார், சொவத்துலயும் எழுதியிருக்கு"ங்கான். எழுதுனவன்கிட்டயே எழுத்தக் காட்டுதான். அன்னைக்கு சாயங்காலம் ஸ்விட்ச் பெட்டிகிட்ட நின்னேன். கைய உள்ள விட்டான். இரும்புக் கதவு அது. ஓங்கி அடைச்சேன். நெறுக்குன்னு சத்தம் கேட்டுச்சு. மூணு வெரலு. அந்தாளு கத்துன கத்தல்ல புறாவெல்லாம் பறந்துட்டு. அப்பவும் பாருங்க, இடது கையால மெயின ஆஃப் பண்ணிட்டுத்தான் கீழ உக்காந்தான். எவ்வளவு திமிரு பாருங்க! தனிஸ்லாஸுதான் ஓடி வந்து தன்னோட பைக்குல ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான். அவனுக்கு இதுவே வேலை, நல்ல பேரு எடுக்கது. கதவு காத்துல அடச்சிட்டுன்னு கெழவனே எழுதிக் கொடுத்தான். தாளாளர் அய்யாவும் விட்டுட்டாவ. அவங்களுக்கு என்னைய விட்டா சர்வரப் பாக்க ஆளு இல்லல்லா.

என்ன அண்ணாச்சி எந்திக்கிய? எறங்க வேண்டிய எடம் இன்னும் வரல. உக்காருங்க. ஒங்க தோளப் புடிச்சிருக்கேன்னு நெனைக்காதிய, பஸ்ஸு குலுங்குதுல்லா, அதுக்குத்தான். உக்காருங்க, முக்கியமான எடம் இனிமேதான் வருது.

செய்முறைத் தேர்வு முடிஞ்சு, அம்பத்தெட்டு பிள்ளையளுக்கும் மார்க்க சர்வருல ஏத்தியாச்சு. மறுநா காலையில மெயினப் போட்டா சர்வர் எந்திக்கல. கறுப்புத் திரையில ரெண்டு வரி வெள்ளை எழுத்து, அதோட நின்னுட்டு. ஒம்பது மணி. ஒம்பதரை. பத்து. பிள்ளைய வெயில்ல நிக்குது. ஒரு பிள்ள மயங்கி விழுந்துட்டு. வெளிய டங்கு டங்குன்னு தண்டவாளம். அதோட விட்டானா? சர்வர் இருக்க கம்ப்யூட்டர் லேப் வாசல்ல வந்து நின்னு, எல்லாப் பிள்ளையளும் கேக்க, "பெருமாள் சார், இந்தப் பள்ளிக்கூடத்துக்கு இந்த சர்வர் சரிப்படாது. நாம தப்பான சாமான வாங்கிட்டோம்"ன்னான்.

தப்பான சாமான்! முந்நூறு பிள்ளைய முன்னால!

அப்புறம் உள்ள வந்து கொரலத் தாழ்த்திக்கிட்டு, "டிஸ்க்க வெளிய எடுப்போம் சார், வேற கம்ப்யூட்டர்ல போட்டு மார்க்க மட்டும் எடுத்துருவோம், நான் ஒத்தாசை பண்ணுதேன்"ங்கான். ஒத்தாசையாம். முதல்ல கொன்னுட்டு அப்புறம் ஒத்தாசை. நான் சர்வர்கிட்ட போனேன். திறந்தேன். ரெண்டு டிஸ்க்கையும் உருவி வெளிய எடுத்தேன். நல்ல கனம் அண்ணாச்சி, முக்கா கிலோ இரும்பு. ஒண்ண மேசையில வச்சேன். ஒண்ணு கையில இருந்துச்சு. அவன் குனிஞ்சு வயரப் பாத்துக்கிட்டு இருந்தான்.

ஒரே ஒரு அடி. சத்தியமா ஒரே ஒரு அடிதான். தாடையில விழுந்துச்சு. மண்பானை உடைஞ்ச மாரி ஒரு சத்தம். அவன் என்னையப் பாத்தான். என்னமோ சொல்ல வாயத் தொறந்தான். தொறந்த வாயில ரெண்டாவது விழுந்துச்சு. அத அடின்னு சொல்ல முடியாது, கை வந்த வேகத்துல திரும்பிப் போச்சு, அவ்வளவுதான். பல்லு கீபோர்டு மேல தெறிச்சுது. கீழ விழுந்தான். விழுந்தவன் மேல ஒக்காந்து அடிச்சேன்னு பிள்ளைய சாட்சி சொல்லுது. பிள்ளையளுக்கு என்ன தெரியும்? அவன் தரையில கெடக்கான், நான் நின்னுக்கிட்டு எப்படி அடிக்க? குனியத்தான செய்யணும். அவன் நாக்கு பல்லுக்கு நடுவுல இருந்துருக்கு, அது எனக்கு எப்படித் தெரியும்? நாலஞ்சு அடி இருக்கும். எண்ணிக்கிட்டா இருக்க முடியும். தமிழ் டீச்சர் வந்து என் முடியப் புடிச்சு இழுத்த பொறவுதான் நானே என் கையப் பாத்தேன். முழங்கை வரைக்கும் செவப்பு.

எனக்கு அழுகை வந்துட்டு அண்ணாச்சி. பதினோரு வருசம் ஒண்ணா டீ குடிச்ச மனுசன். ஏன் என்னைய இப்படிச் செய்ய வச்சான்?

போலீஸ் வந்து ரத்தம் பட்ட டிஸ்க்கப் பாலித்தீன் பையில போட்டு எடுத்துட்டுப் போயிட்டாவ. அது நசுங்கிட்டு, அதுல இனி ஒண்ணும் எடுக்க முடியாது. மார்க்கெல்லாம் போச்சுன்னு பள்ளிக்கூடமே ஓலமிடுது. அங்கதான் அவங்களுக்கு அறிவு பத்தல. நான் எதுக்கு ரெண்டு டிஸ்க் கேட்டேன்? ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு முழுசா இருக்கும்னுதான! மேசையில வச்ச டிஸ்க்க அந்தக் கூச்சல்ல நான் கைலிக்குள்ள சொருகி வீட்டுக்குக் கொண்டு வந்துட்டேன். அன்னைக்கு வேட்டிதான், கைலின்னு வாய் தவறி வந்துட்டு. போலீஸ் வீட்டுக்கு வந்து என்னையப் புடிச்சது அதுக்குப் பொறவுதான். ஜாமீன்ல வந்த அன்னைக்கே போட்டுப் பாத்தேன். அம்பத்தெட்டு பேரு மார்க்கும் அப்படியே இருக்கு. ஒரு எண்ணு கலையல. இப்ப சொல்லுங்க, நான் வாங்குன சாமான் தப்பா?

ஊருக்கு அதச் சொல்லிட்டேன். டிஸ்க் என்கிட்ட இருக்கு, எங்க இருக்குன்னு கேக்காதிய, போலீஸ் தேடியும் கெடைக்கல. தாரேன், ஒரே ஒரு கண்டிசன். பிள்ளைய முன்னால தப்பான சாமான்னு சொன்னவன், அதே பிள்ளைய முன்னால வந்து, பெருமாள் சார் வாங்குனதுதான் சரின்னு சொல்லட்டும். நான் என்ன காசா கேட்டேன்? வேலையா கேட்டேன்? மார்க்கு போயிச் சேரலன்னா அத்தன பிள்ளையும் ஆப்சென்ட்டுன்னு வந்துரும், ஒரு வருசம் வீணாப் போவும், எனக்கும் தெரியும். தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போற ஒரு பொம்பள வந்து வாசல்ல விழுந்து, என் மகளுக்குப் படிப்ப விட்டா வேற கதி இல்ல சார்னு அழுதா. எனக்கு மனசு கேக்கல. தண்ணி கொடுத்து அனுப்பினேன். என்கிட்ட அழுது என்ன, தனிஸ்லாஸு வீட்டுல போயி அழுன்னு சொல்லி அனுப்பினேன்.

நேத்து அவன் பொண்டாட்டி வந்தா. மேரி டீச்சரு, பக்கத்து ஊருல ஒண்ணாங்கிளாஸ் எடுக்கா. வாசப்படி ஏறல, முற்றத்துலயே நின்னா. ஒரு தாள நீட்டுனா. தனிஸ்லாஸு கையெழுத்து, கோணக் கோணையா இருக்கு. 'பெருமாள் சார், நீங்கள் வாங்கியதுதான் சரி. நான் சொன்னது தப்பு. கேஸை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பிள்ளைகள் மார்க்கை மட்டும் கொடுத்துவிடுங்கள். இந்தத் தாளை பிரேயரில் யாராவது வாசிக்கட்டும்.' வாசிச்சதும் எனக்கு ஒரு நிமிசம் நெஞ்சு நெறஞ்சிட்டு, பொய் சொல்லல. ஆனா நல்லா யோசிச்சுப் பாத்தேன். எழுதுனதுக்கு என்ன மதிப்பு? எவனும் எழுதிரலாம். நாளைக்கே நான் மெரட்டி எழுத வச்சேம்பாவ. அன்னைக்கு அவன் எழுதியா காட்டினான்? வாயால தான சொன்னான்? அப்ப வாயாலயே சொல்லட்டும். தாள நாலாக் கிழிச்சு அவ கையிலயே கொடுத்துட்டேன்.

"அவரால பேச முடியாது சார்"ங்கா. "தாடையக் கம்பி வச்சுக் கட்டியிருக்காவ. கம்பிய எடுத்தாலும் நாக்கு பாதிதான் இருக்கு, இனி பேச்சு வராதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நாளைக்கு சாயங்காலத்தோட மார்க்கு அனுப்புத கெடு முடியுது சார்."

அழுவா அழுவான்னு பாத்தேன், அழவே இல்ல. என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்கா. எனக்கு என்னமோ மாரி ஆயிட்டு. நானும் மனுசன்தான அண்ணாச்சி? கொரலத் தாழ்த்தி, பக்குவமா எடுத்துச் சொன்னேன். "அதுக்கென்ன டீச்சர், நான் ஒண்ணும் அவசரப்படுத்தலயே. அவனுக்கு எப்ப பேச வருதோ, அப்ப வந்து சொல்லட்டும்."